டிஜிட்டலார்க்கிவெட்: சாமி மக்களின் வரலாறு தேடுபவர்களுக்கு

நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் இந்தத் தளத்துக்குக் கட்டணம் கிடையாது. இனவாத மருத்துவம் வட நார்வே, அதைச் சுற்றிய நாடுகளின் பழங்குடியினரான சாமி (Sámi) மக்களை எப்படி நடத்தியது என்று ஆராய்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1865, 1875, 1900, 1910, 1920 கணக்கெடுப்புகளில் ஒவ்வொருவரையும் பெயர் கொடுத்தே தேடலாம்.

1875 படிவத்தில் ஒரு சிறு எழுத்து இருக்கும். ‘என்’ என்றால் நார்வேஜியர், ‘எல்’ லாப், அதாவது சாமி, ‘கே’ ஃபின்லாந்து வழிவந்த க்வேன். கலப்புக் குடும்பத்துக்குத் தனிக் குறி. 1900-ல் சாமி மக்களையே இரண்டாகப் பிரித்தார்கள்: ஓரிடத்தில் குடியிருப்பவர் ‘எல்எஃப்’, கலைமான்களோடு இடம் மாறுபவர் ‘எல்என்’. அதே தாளில் மனநோய், பார்வையின்மை, காது கேளாமை ஆகியவையும் பதிவாகின. ஒரே மனிதரின் வரியில் இனமும் உடற்குறையும். மருத்துவ வரலாறு எழுதுபவர் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

அந்த எழுத்தை அப்படியே நம்பினால் ஆய்வு கோணலாகிவிடும். எழுதியது கணக்கெடுப்பாளரின் கை. அதோடு, 1902 சட்டப்படி நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில் அரசு நிலம் வாங்க நார்வேஜிய மொழி பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்; தன்னைச் சாமி என்று சொல்லத் தயங்க அதுவே போதும். ஆகவே ஒரே குடும்பத்தை 1900, 1910 இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். தட்டச்சு செய்த பதிவோடு நின்றுவிடாமல் மூலத்தாளின் ஸ்கேனையும் திறந்து பாருங்கள். காலிக் கட்டத்தை நார்வேஜியர் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேடும்போது முழுப் பெயர் போட்டால் பலர் தப்பிவிடுவார்கள், எழுத்துக்கூட்டல் அவ்வளவு மாறும். முதல் மூன்று எழுத்தோடு நட்சத்திரக் குறி போடுங்கள். 1865-ல் வயதுதான் உண்டு, 1875-ல் பிறந்த ஆண்டு, 1910-ல் பிறந்த தேதியே இருக்கிறது. அதனால் 1910-ல் ஆளை உறுதி செய்துகொண்டு பின்னோக்கிப் போவதே நல்லது. இன்னொரு பொறி: பழைய நார்வேஜியப் பதிவுகளில் ‘ஃபின்’ என்றால் ஃபின்லாந்துக்காரர் அல்ல, சாமி.

நார்வே மருத்துவர் அலெட் ஷ்ரைனர், வட நார்வேயின் டீஸ்ஃபியூர்ட் பகுதியில் ஹெல்லெமு ஊர்ச் சாமி மக்களை உடலளந்து 1932-ல் வெளியிட்டார். அந்த ஆய்வில் அவர்கள் வெறும் அளவுகள். 1920 தாள்களில் அதே ஊரார் பெயரோடும் தொழிலோடும் உறவோடும் இருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அதற்கு அடுத்தது 1930 கணக்கெடுப்பு; நூறாண்டு ரகசியக் காப்பு இருப்பதால் 2030 டிசம்பருக்கு முன் அது திறக்காது.