கையில் கூலியா, வங்கியில் கூலியா: அசாம் தேயிலைத் தோட்டங்களில் 2016

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அசாம் தோட்டங்களில் கூலி பெரும்பாலும் ரொக்கமாகவே கைக்கு வந்துகொண்டிருந்தது. வங்கியிலிருந்து பணம் எடுக்க வரம்பு விதிக்கப்பட்டதால் நிர்வாகங்களால் கூலி தர இயலவில்லை. பின்னர் மாவட்ட ஆட்சியர்களின் கணக்கு வழியாகப் பணம் எடுக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

ரொக்கக் கூலியின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது. ஆனால் அதன் பலமும் சிறிதன்று: கூலி நாளன்றே கூடும் சந்தையில் உப்பு, எண்ணெய், பருப்பு வாங்கி, மளிகைக் கடைப் பற்றையும் அன்றே தீர்த்துவிடலாம். கூலி தாமதமானால் முதலில் சுருங்குவது குழந்தைகளின் தட்டுதான். தோட்டம் தரும் அரிசியும் கோதுமை மாவும் பட்டினியைத் தடுக்கும். மருந்துக்கோ பேருந்துக்கோ உதவாது.

வங்கிக் கூலியில் பதிவு இருக்கும், பிடித்தங்களைக் கேள்வி கேட்கலாம், பெண்ணின் பெயரிலேயே பணம் சேரும். 2017இல் திருத்தப்பட்ட ஊதியச் சட்டமும் இதற்கு வழிவிட்டது. எனினும் ஏடிஎம் தொலைவில் இருந்தால், பணம் எடுக்கப் போகும் தொழிலாளி அரைநாள் கூலியை இழக்கிறார். இயந்திரம் காலியாக இருந்தால் அதுவும் வீண். (கைரேகை வைத்தே பழகியவரிடம் ரகசிய எண்ணைக் கேட்பது வேறு சிக்கல்.)

என் கணிப்பில் வங்கிமுறையே மேல், ஆனால் தோட்டத்துக்குள்ளேயே பணம் எடுக்கும் வசதி வந்த பிறகுதான்.