ஒரே பிசிஜி, இரண்டு குறியீடுகள்: கைத்தழும்பும் சிறுநீர்ப்பையும்

உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆஸ்லோவில் உள்ள மையம் பராமரிக்கும் ஏடிசி மருந்து வகைப்பாட்டில் பிசிஜி இரண்டு இடங்களில் வருகிறது. தொற்றுநோய் மருந்துகளுக்கான ‘ஜே’ பிரிவில் ஜே07ஏஎன்01 என்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள காசநோய்த் தடுப்பூசி. புற்றுநோய், நோயெதிர்ப்பு மருந்துகளுக்கான ‘எல்’ பிரிவில் எல்03ஏஎக்ஸ்03 என்பது நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து. இரண்டும் ஒரே கிருமிதான். பிரான்சின் லீல் நகரில் ஆல்பர்ட் கால்மெட்டும் கமில் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கின் மீது பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை மறுவளர்ப்புச் செய்து, அதன் வீரியத்தைத் தணித்தெடுத்தார்கள். மனிதருக்கு முதன்முதலில் அது 1921இல் கொடுக்கப்பட்டது.

முதல் பயன்பாட்டை நம்மில் பெரும்பாலோர் இடது தோளில் சுமந்துகொண்டிருக்கிறோம். இந்தியாவில் பிறந்தவுடனே, ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 0.05 மில்லி, அதற்கு மேல் 0.1 மில்லி என்ற அளவில், தசையிலோ தோலின் அடியிலோ அல்லாமல் தோலுக்குள்ளேயே இந்த ஊசி போடப்படுகிறது. மெல்லிய ஊசி சரியான ஆழத்தில் நுழைந்தால், ஆரஞ்சுப் பழத் தோலைப் போல நுண்குழிகளுடன் வெளிறிய சிறு கொப்புளம் எழும்பும். எழும்பாவிட்டால் மருந்து ஆழமாகப் போய்விட்டது என்று செவிலியர் அறிந்துகொள்வார். சில வாரங்களில் அந்த இடம் தடித்து, புண்ணாகி, ஆறித் தழும்பாகிறது. இந்தத் துளி மருந்தில் இருப்பவை சில லட்சம் உயிருள்ள கிருமிகளே.

இரண்டாவது பயன்பாடு, கனடாவில் ஆல்வரோ மொராலஸும் உடன் பணியாற்றியவர்களும் 1976இல் வெளியிட்ட முடிவுகளிலிருந்து வளர்ந்தது. தசைக்குள் ஊடுருவாத, ஆனால் திரும்ப வரும் அபாயம் அதிகமுள்ள சிறுநீர்ப்பைப் புற்றுநோயில், கட்டியை அகற்றிக் குறைந்தது இரண்டு வாரம் கழித்து, சுமார் 50 மில்லி உப்புநீரில் கரைத்த பிசிஜியைக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியாக நீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். நோயாளி அதை இரண்டு மணி நேரம் வரை அடக்கி வைத்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறையாக ஆறு வாரங்களும், தேவைப்பட்டால் அதன்பின் பராமரிப்புத் தவணைகளும் தொடரும். ஒரு தவணையில் செல்லும் கிருமிகளின் எண்ணிக்கை பல கோடிகள். குழந்தையின் அளவைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அன்று ஆறு மணி நேரத்துக்கு நோயாளி உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, கழிப்பறையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, பதினைந்து நிமிடம் பொறுத்துத் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லி அனுப்புவது வழக்கம்.

இரண்டில் எது நம்பகமான ஆயுதம் என்று கேட்டால், தடுப்பூசியின் பக்கம் குறைகள் இருக்கின்றன. குழந்தைகளைக் காசநோய் மூளைச்சவ்வு அழற்சியிலிருந்தும் உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் அது காக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே அது பிறந்த குழந்தைக்குத் தவறாமல் போடப்பட வேண்டும் என்பேன். ஆனால் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை, 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற பெரும் ஆய்வு பதினைந்து ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகும் பாதுகாப்பு எதையும் காட்டவில்லை. நம் மண்ணில் கிடைத்த அந்த வேண்டாத விடையை மறைக்காமல் வெளியிட்டது பெரிய காரியம். நீர்ப்பையில் நிலை வேறு: அதிக அபாயமுள்ளவர்களுக்கு இன்றும் முதல் தெரிவு பிசிஜிதான். நடுத்தர அபாயத்தில் மைட்டோமைசின் போன்ற மருந்துகள் அதற்குப் போட்டியாக நிற்கின்றன. தசைக்குள் இறங்கிய புற்றுக்கு பிசிஜி போதாது.

என் பார்வையில் இரண்டு குறியீடுகளும் வேண்டும். அளவும் வழியும் நோக்கமும் இவ்வளவு வேறுபடும்போது ஒரே பெயரில் அடுக்கி வைப்பது ஆபத்து. நீர்ப்பைக்கான குப்பி ஒருபோதும் ஊசியில் ஏறக் கூடாது. ஆயினும் ‘எல்’ குறியீட்டில் ஒரு குறை உண்டு. ‘நோயெதிர்ப்புத் தூண்டி’ என்ற சொல், உள்ளே செல்வது உயிருள்ள கிருமி என்பதை வெளிக்காட்டுவதில்லை. நோயெதிர்ப்பு குன்றியவருக்கு இரண்டு வடிவங்களுமே ஆகாது. கதீட்டர் செருகும்போது காயம் பட்டாலோ சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, கிருமி இரத்தத்தில் கலக்க வழி பிறக்கும் என்பதால், அன்றைய தவணையை ஒத்திவைக்க வேண்டும்.

எனவே நீர்ப்பைச் சிகிச்சை பெற்றவருக்கு விடாத காய்ச்சல் வந்தால், வேறொரு மருத்துவரிடம் போனாலும் “பிசிஜி ஏற்றியிருக்கிறார்கள்” என்று முதலில் சொல்ல வேண்டும். கிருமி பரவியிருப்பது உறுதியானால் காசநோய் மருந்துகளே தரப்படும். ஆனால் மாட்டுக் கிருமியின் வழிவந்த பிசிஜிக்கு, அவற்றுள் ஒன்றான பைரசினமைடு இயல்பிலேயே வேலை செய்யாது என்பதால், ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால் ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையை அமைப்பார்.