ஊட்டிக் குளிரில் டயர் பிரஷர் சென்சார்: சில வருஷம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

மலையில் கார் ஓட்டுகிறவர்கள் டயர் பிரஷர் காட்டும் டிபிஎம்எஸ் வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பினால் ஜனவரி மாதக் காலை ஒவ்வொன்றிலும் பயந்துகொண்டே வண்டி எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் வீடு ஊட்டிப் பக்கம். வேலை விஷயமாக மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று அடிக்கடி இறங்கி ஏறுகிறேன். என்னுடைய பழைய ஹேட்ச்பேக்கில் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டுகிற சென்சார் செட் இருக்கிறது. தம்பியின் புது வண்டியில் கம்பெனியே கொடுத்த சிஸ்டம். சில வருஷமாக ரெண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. காற்று அளக்கும் கேஜில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு, பேச்சில் பாயிண்டு) என்று காட்டினால், டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் போக மிச்சம் 32 என்று அர்த்தம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஊட்டி சுமார் 2,240 மீட்டர். வெளிக்காற்று அங்கே சுமார் 14 பிஎஸ்ஐ, இங்கே 11 சொச்சம். அதாவது டயரில் ஒரு சொட்டுக் காற்றுகூட ஏறாமலே, மலை ஏறியதற்காக மட்டும் கேஜ் கிட்டத்தட்ட 3 பாயிண்டு கூடுதலாகக் காட்டும். அப்புறம் குளிர் தன் பங்குக்கு இழுக்கும். சுமார் 5 டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ குறையும் என்பது பொதுக் கணக்கு, காரின் சாதாரண பிரஷருக்கு அது இன்னும் கொஞ்சம் குறைவு. கீழே 34 டிகிரி மதியத்தில் 32 வைத்துவிட்டு வந்த வண்டியை, மறுநாள் காலை 6 டிகிரியில் இங்கே பார்த்தால் குளிரால் 4 போயிருக்கும், உயரத்தால் 3 வந்திருக்கும், கைக் கேஜில் 31க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ரெண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொள்வதால்தான் இத்தனை காலமாக எந்தக் கருவியும் இல்லாமல் மலைக்காரர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பிரச்சினை சென்சாரில் ஆரம்பிக்கிறது. சில சென்சார்கள் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து கடல் மட்டக் காற்றழுத்தமான 14.7ஐ எப்போதும் கழிக்கின்றன. வண்டி ஊட்டியில் நின்றாலும் அதற்குச் சென்னைக் கடற்கரைதான். என் செட் அந்த ஜாதி. மேட்டுப்பாளையத்தில் கைக் கேஜும் அதுவும் ஏறக்குறைய ஒத்துப்போகும், ஊட்டியில் அது 3 பாயிண்டுக்கு மேல் குறைத்துக் காட்டும். மேலே சொன்ன அதே காலையில் கைக் கேஜில் 31, டேஷ்போர்டில் 27. உங்களுடையது எந்த வகை என்று பார்க்க ஒரு நல்ல கைக் கேஜ் போதும்: கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை, ரெண்டு இடத்திலும் வண்டி ஆறியிருக்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் மாறவில்லை என்றால் கவலையில்லை. மாறினால் அந்த 3ஐ மனதில் கூட்டிக்கொண்டு படிக்க வேண்டியதுதான், விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

சீசனில் ஊட்டி பெட்ரோல் பங்குகளில் பார்க்கும் இன்னொரு கூத்து இதற்கு நேர் எதிர். கீழே இருந்து வந்த வண்டி, கல்லாறு தாண்டி பர்லியாறு, குன்னூர் என்று இரண்டாவது கியரில் மூச்சு முட்ட ஏறி வந்திருக்கும். டயர் சூடு, அதோடு உயரத்துக்கான 3. கேஜ் 37 காட்டும். உடனே வண்டியை ஓட்டி வந்தவர், "தம்பி, அஞ்சு பாயிண்டு எறக்கி விடுப்பா" என்பார். காற்று அடிக்கிற பையன், "சூடா இருக்குங்ணா, காலைல பார்த்துக்கலாங்களே" என்று சொல்லிப் பார்ப்பான், பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். மறுநாள் விடிகாலையில் அதே டயர் 26க்குப் பக்கத்தில் நிற்கும், அதோடு அஞ்சு பேரும் பெட்டி படுக்கையும் ஏறி இறக்கத்தில் போக வேண்டும். ஓடிய டயரில் நாலைந்து பாயிண்டு கூடுவது இயல்பு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கிற எண் ஆறிய டயருக்கானது, ஆட்கள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். டயரின் ஓரத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், அதைப் பார்த்து அடிக்கக் கூடாது.

சரி, எண்ணை நம்ப முடியாது என்றால் கருவி எதற்கு? நாலு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான். உயரமும் குளிரும் நாலு டயருக்கும் பொது. ஒன்று மட்டும் தனியாக நடந்துகொண்டால் அதில் ஏதோ இருக்கிறது. ஒரு தடவை நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கிக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று டயரும் மெல்லச் சூடேறி 34க்கு வந்துவிட்டன, பின்பக்க இடது மட்டும் கிளம்பும்போது இருந்த 31லேயே நின்றது. அலாரம் அடிக்கவில்லை, அடிக்கவும் அடிக்காது, அதன் கணக்கில் 31 நல்ல எண். கூடலூரில் பஞ்சர் கடையில் நிறுத்திச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் டயரின் ரோட்டில் படும் பரப்பின் நடுவில் ஒரு ஆணியைச் சுற்றி நுரை. அங்கிருந்து நான் தொரப்பள்ளி தாண்டி முதுமலைக்குள் போக வேண்டியிருந்தது, அந்தக் காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கவே கூடாது, ஸ்டெப்னி மாற்றுவதை யோசித்துப் பாருங்கள். செட்டுக்குக் கொடுத்த காசு அன்றைக்கே வசூல். வெறும் விளக்கு மட்டும் எரிகிற சிஸ்டமாக இருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது.

அந்த விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு. அமெரிக்காவில் டயர் பிய்ந்து வண்டிகள் உருண்ட விபத்துகளுக்குப் பிறகு 2000ல் சட்டம் வந்து, 2008 மாடலிலிருந்து எல்லா கார்களுக்கும் கட்டாயமானது. அந்த விதிப்படி, சொல்லப்பட்ட பிரஷரில் 25 சதவீதம் குறைந்த பிறகு 20 நிமிஷத்துக்குள் விளக்கு எரிந்தால் போதும். 32க்கு 25 சதவீதம் போனால் 24. நெடுஞ்சாலைக்குச் சரி. கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டிய பிறகு 24 என்று தெரிந்து என்ன செய்வது? வெளியில் வாங்கும் செட்டில் அலாரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய லாபம். நான் 26ல் வைத்திருக்கிறேன். என் சென்சார் குறைத்துக் காட்டுகிறது என்பதால் நிஜத்தில் இங்கே அது 29. கீழே போனாலும் 26 என்பது மோசமில்லை.

இன்னொன்று, அந்த விளக்கு ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிஷத்துக்கு மேல் மினுக்கி விட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் காற்று குறையவில்லை, சிஸ்டமே கோளாறு என்று அர்த்தம். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறலாம், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் வண்டியில் டயருக்குள் சென்சாரே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காக இருக்கும் சக்கர வேக சென்சாரை வைத்தே கண்டுபிடிக்கிறது: காற்று குறைந்தால் டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். யோசனை அருமை, பேட்டரி செலவும் இல்லை. ஆனால் வளைவில் வெளிச் சக்கரம் எப்படியும் வேகமாகத்தானே சுற்றும்? கோத்தகிரி ரோட்டில் நேரான ரோடு எங்கே இருக்கிறது? சமவெளியில் அது சீக்கிரம் சொல்லிவிடுகிறது, மலையில் தாமதிக்கிறது, இது எங்கள் அனுபவம். நாலு டயரிலும் சமமாகக் காற்று குறைந்தால் இந்த வகையில் பலவற்றுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு தடவை காற்று அடித்த பிறகும் ரீசெட் செய்ய வேண்டும், அதை ஆறிய டயரில் சரியான பிரஷர் வைத்த பிறகுதான் செய்ய வேண்டும். குறைவாக இருக்கும்போது ரீசெட் செய்தால் அந்தக் குறைவையே நல்லது என்று கற்றுக்கொள்ளும்.

மூடி சென்சாரின் தொல்லைகளையும் மறைக்க வேண்டாம். டிஸ்ப்ளே சோலாரில் சார்ஜ் ஆகும் என்றார்கள், ஜூன் ஜூலையில் இங்கே மூடுபனியில் எந்தச் சூரியன்? யுஎஸ்பி வயர் நிரந்தரமாகத் தொங்குகிறது. சென்சாருக்குள் இருப்பது சிஆர்1632 பட்டன் பேட்டரி, உறைபனி விழுகிற காலைகளில் பேட்டரி குறைவு என்று காட்டும், வெயில் வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். காற்று அடிக்கும் ஒவ்வொரு தடவையும் குட்டி ஸ்பேனர் போட்டு நட்டைக் கழற்ற வேண்டும், பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கும். வாஷர் சரியாக உட்காராவிட்டால் சென்சார் வழியாகவே காற்று கசியும் என்பதால் மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தொட்டுப் பார்ப்பது நல்லது. ரப்பர் வால்வு பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் சென்சாரின் எடையை அது தாங்காது, முதலில் வால்வை மாற்றுங்கள். டெம்பரேச்சர் என்று ஒரு எண் காட்டும், அதை நான் பார்ப்பதே இல்லை. வெளியே காற்றில் தொங்குகிற மூடிக்கு டயரின் உள் சூடு எங்கே தெரியப்போகிறது? இறக்கத்தில் பிரேக் சூடு ரிம் வழியாக ஏறுவதை முன் டயர்களின் பிரஷர் கூடுவதிலேயே பார்த்துவிடலாம். முன்பக்கம் மட்டும் சர்ரென்று ஏறினால் கியரைக் குறைக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நைட்ரஜன் அடித்தால் இந்த ஏற்ற இறக்கமே இருக்காது என்று கீழே ஒரு கடையில் சொன்னார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். உலர்ந்த காற்றாக இருப்பது ஒன்றுதான் உருப்படியான வித்தியாசம், குளிரில் அதுவும் அதே அளவுதான் சுருங்கும்.

புது வண்டி பார்க்கிறவர்களுக்கு ஒன்று. டிபிஎம்எஸ்ஸும் டியூப்லெஸ் ரிப்பேர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தராமலே கார் விற்கலாம் என்று 2020ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. சமவெளியில் எப்படியோ, இங்கே ரோட்டோரக் கல்லில் உரசி டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் எந்தக் கிட்டும் உதவாது, போன் சிக்னலும் பல வளைவுகளில் இருக்காது. தம்பி வண்டி எடுக்கும்போது டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தான்.