இழுவைத் தொட்டியா, முழு அளவு சிமுலேஷனா?

சரக்குக் கப்பலின் பின்பகுதியை மாற்றுகிறோம், அல்லது புரொப்பல்லருக்கு முன்னால் டக்ட் (எரிபொருள் மிச்சப்படுத்தும் வளையம்) பொருத்தலாமா என்று பார்க்கிறோம். மாதிரி செய்து தொட்டியில் இழுப்பதா, கணினியில் முழு அளவிலேயே ஓட்டுவதா? இந்த வேலைக்கு என் ஓட்டு கணினிக்கே. செலவு, நேரம் எல்லாம் தெரிந்த கதைதான். தீர்மானிக்கும் விஷயம் அளவு.

1870களில் ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி கட்டிய காலத்திலிருந்து முறை ஒன்றுதான்: ஃப்ரூட் எண் (வேகத்தை நீளத்தோடு ஒப்பிட்டு அலையைக் குறிக்கும் எண்) ஒத்துப்போகும் வேகத்தில் மாதிரியை இழுப்பது. அலை சரியாக வரும், உராய்வு வராது. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சோதிக்கும் கே.சி.எஸ். கன்டெய்னர் கப்பலையே (நிஜத்தில் கட்டப்படாத கப்பல்!) எடுத்துக்கொள்வோம். நீளம் 230 மீட்டர், வேகம் 24 நாட். 31.6-இல் ஒரு பங்கு மாதிரி 7.28 மீட்டர், நொடிக்கு 2.2 மீட்டரில் இழுபடும். ரேனால்ட்ஸ் எண் (உராய்வைத் தீர்மானிக்கும் எண்) மாதிரியில் சுமார் 1.4 கோடி, கப்பலில் சுமார் 240 கோடி. இழுவைத் தொட்டிகளின் சர்வதேச அமைப்பான ஐ.டி.டி.சி.யின் 1957 சூத்திரப்படி உராய்வுக் கெழு 0.0028-இலிருந்து 0.0014-ஆகப் பாதிக்குப் பாதி இறங்குகிறது. மொத்தத் தடை என்றால் இதைக் கணக்கில் திருத்திவிடலாம். பின்பகுதியில்தான் இடிக்கிறது. ஹல்லை (கப்பலின் உடலை) ஒட்டி இழுபட்டு வரும் மந்தமான நீர், நீளத்தோடு ஒப்பிட்டால், மாதிரியில் தடிமன் அதிகம். டக்டின் பிழைப்பே அந்த நீரில்தான். மாதிரியில் தெரிந்த சேமிப்பு கப்பலில் சுருங்கலாம். எந்த வடிவம் முதலிடம் என்பதேகூட மாறலாம்.

முழு அளவிலும் வம்பு உண்டு. கணினி நீரைச் சிறு செல்களாக (மெஷ்) பிரித்துக் கணக்கிடும்; ஹல்லிலிருந்து முதல் செல்லின் தூரத்தைச் சொல்லும் அலகில்லா எண்தான் ஒய்-பிளஸ். கே.சி.எஸ்.ஸில் ஒய்-பிளஸ் 100 வைத்தாலே முதல் செல்லின் மையம் ஹல்லிலிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ஒய்-பிளஸ் 1 என்பதை மறந்துவிடலாம், ஹல்லை ஒட்டிய ஓட்டத்தைச் சூத்திரத்தால் நிரப்பும் சுவர்ச் சார்புதான் வழி. ஹல்லை வழவழப்பாக விடாமல் 150 மைக்ரான் சராசரி சொரசொரப்புக்கு இணையான மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

அதைவிடக் கள்ளத்தனமான பிழை, கணக்கில் ஹல்லின் அடிப்பகுதிக்குள் காற்று கசிவது. முன்பக்க நீர்க்கோட்டில் மெஷ் பெரிதாக இருந்தாலோ டைம் ஸ்டெப் (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) நீண்டாலோ, நீர்-காற்று எல்லை மங்கி, காற்று ஹல்லோடு சேர்ந்து கீழே இழுபடும். உராய்வு குறைந்து வடிவம் பிரமாதம் என்று தோன்றும். அடித்தட்டில் நீரின் பங்கை வரைந்து பாருங்கள்: 1-க்குப் பதில் கோடு கோடாக 0.95 தெரிந்தால் அதுதான். சொரசொரப்பு இல்லாமல் ஓட்டும்போது உராய்வுக் கெழு 0.0014-க்குக் கீழே நன்றாக இறங்கினாலும் சந்தேகப்படுங்கள். நீர்க்கோட்டு மெஷ்ஷைப் பொடியாக்கி, டைம் ஸ்டெப்பைக் குறைக்க வேண்டும். தொடக்கத்துக்கு நீளத்தை வேகத்தால் வகுத்து அதில் 0.005 பங்கு, இங்கே சுமார் 0.09 நொடி.

பக்கவாட்டு ஆட்டம், பெரிய அலைகளில் நடத்தை, ஒப்பந்த வேகத்துக்கான சான்று ஆகியவற்றுக்குத் தொட்டியையே நம்புவேன். முழு அளவுக் கணிப்பை உரசிப் பார்க்க, கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் 2016 பயிலரங்குக்குத் தந்த 'ரீகல்' கப்பல் அளவீடு போன்ற பொதுத் தரவு கொஞ்சமே. அதனால் டக்ட் உள்ளது, இல்லாதது இரண்டையும் ஒரே மெஷ் அமைப்பில் ஓட்டி வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். அது 1 சதவீதம்தான் என்றால் மெஷ்ஷின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அதை நம்பி டக்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.