செக்கு எண்ணெய் அருமை, கல்லாவுக்கு மேலுள்ள பலகைதான் சரியில்லை

எங்கள் பகுதியில் உள்ள இந்த மரச்செக்கு எண்ணெய்க் கடையில் எட்டு மாதங்களாக வாங்கி வருகிறேன். எள், நிலக்கடலை, கொப்பரை மூன்றையும் வாங்குபவரின் கண்ணெதிரிலேயே ஆட்டுகிறார்கள். எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பதை ஒளிப்பதில்லை. எண்ணெயைத் தெளிய வைத்து, கசடு அடியில் தங்கிய பிறகே புட்டியில் நிரப்புகிறார்கள். கடலை எண்ணெயின் மணத்துக்காகவே நான் இரண்டு பேருந்து மாறிப் போகிறேன். விலை ஆலை எண்ணெயை விட அதிகம்தான் என்றாலும், கொடுத்த காசு வீணாகவில்லை.

என் மனக்குறை, செக்கு எண்ணெய்க்கு மாறினால் பி.பி. மாத்திரை தேவையில்லை என்று கல்லாவுக்கு மேலே எழுதித் தொங்கவிட்டிருக்கும் பலகையைப் பற்றியது. நான் வரிசையில் நின்ற ஒரு நாள், பெரியவர் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்க, மூன்று மாதம் நிறுத்திப் பாருங்கள் ஐயா என்று கடைக்காரர் தயங்காமல் சொன்னார். பல ஆண்டுகளாக அதே மாத்திரையை விழுங்கி வருபவன் என்ற முறையில் எனக்கு அது பொறுக்கவில்லை.

கொழுப்பும் புரதமும் ரத்த அழுத்தத்தைத் தொடவே தொடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 164 பேரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓம்னிஹார்ட் ஆய்வில், மாவுச்சத்து மிகுந்தது, புரதம் மிகுந்தது, நிறைவுறாக் கொழுப்பு மிகுந்தது என மூன்று வகை உணவை ஒவ்வொருவருக்கும் ஆறு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, மாவுச்சத்து உணவில் இருந்ததை விட ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (120/80 என்று சொல்வதில் முதல் எண்) புரத உணவில் 3.5 புள்ளியும் கொழுப்பு உணவில் 2.9 புள்ளியும் கூடுதலாக இறங்கியது. அங்கே மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில்தான் எண்ணெயையும் கொட்டைகளையும் பயறுகளையும் வைத்தார்கள். உடல் எடை மாறாமலும் பார்த்துக்கொண்டார்கள். தட்டு நிறையச் சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினால் அந்தப் பலன் வராது, கலோரிதான் ஏறும். எண்ணெய் செக்கில் ஆட்டியதா ஆலையில் ஆட்டியதா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல.

ஒரே பலகை மூன்று எண்ணெய்க்கும் பேசுவதும் பொருந்தாது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயிலோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. போதாக்குறைக்கு, பலகைக்கு நேர் கீழே அப்பளம், மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய் என்று உப்பையே அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்க்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம் அந்த அலமாரியைப் பார்த்தால் என்ன சொல்லுமோ!

புரதம் நிறைந்தது என்று விற்கும் சத்துமாவின் உறையைத் திருப்பிப் பார்த்தேன். அரிசியும் கேழ்வரகும் முதலில் இருக்க, பயறு கடைசியில் ஒதுங்கியிருந்தது. அதே கடையில் சாக்கில் அளந்து தரும் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் அதைவிட மலிவு, தரமும் நன்று.

எண்ணெய்க்கும் பயறுக்கும் ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன். பலகையைக் கழற்றும் நாளில் ஐந்தாவதையும் சேர்த்துவிடுவேன். அடுத்த வாரம் கடலை எண்ணெய் இரண்டு லிட்டர் வாங்கப் போகிறேன். மாத்திரைச் சீட்டும் அதே பையில்தான் இருக்கும்.