மடியா, மூலையா: மருந்து ஒத்துக்கொள்ளாத நாயின் முதல் இரவு

செவலைக்கு ஏழு வயது. கர்ப்பப்பையில் சீழ் கட்டிவிட்டதால் போன டிசம்பரில் அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டோவில் பெங்களூரு அல்சூர் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். எட்டு மணி வரை தூங்கினாள். அப்புறம் ஊளை. சுவரைப் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, நிறுத்தாமல் ஊளையிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. நான் மாடிப்படி ஏறும் சத்தத்துக்கே எழுந்து நிற்கிறவள், என் முகத்தை யாரோ ஒருத்தியைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"மடியில போட்டுத் தட்டிக்கொடுடி, புள்ள வலியில அழுவுது" என்றார் அம்மா. அதைத்தான் செய்தேன். தட்டத் தட்ட ஊளை கூடியது. கை பட்டாலே துள்ளினாள், பின்னங்காலை உதைத்தாள். தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்கு அடிவயிறு கலங்கியது.

பத்து மணிக்கு டாக்டரை போனில் பிடித்தேன். அவர் முதலில் கேட்டது அழுகை எப்படி இருக்கிறது என்பதைத்தான்.

வலி அழுகை, மருந்து அழுகை

இரண்டும் காதுக்கு ஒன்றுதான். ஆனால் பார்த்தால் வித்தியாசம் உண்டு. வலியில் இருக்கும் நாய்க்கு நம்மைத் தெரியும். கூப்பிட்டால் கண் திருப்பும், வாலின் நுனியாவது அசையும், கொஞ்ச நேரம் முனகலை நிறுத்தும். வயிற்றை இறுக்கிக்கொண்டு முதுகைக் கூனி நிற்கும். முன்னங்காலை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்திருப்பதும் வயிற்று வலியின் அடையாளம். காயத்துக்குப் பக்கத்தில் கை போனால் விலகும், உறுமும். வேறு இடத்தில் தொட்டால் பேசாமல் இருக்கும்.

மருந்தினால் வரும் குழப்பத்தில் நாய்க்கு நாம் இருப்பதே தெரியாது. கண் திறந்திருக்கும், பார்வை எங்கேயோ நிற்கும். எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி துள்ளும். ஒரே சுருதியில் அழும், எழும், விழும், மறுபடி எழும். புப்ரினார்ஃபின், பியூடார்ஃபனால், ஃபென்டனில் மாதிரியான ஓபியாய்டு (அபின் வகை) வலி ஊசிகள் சில நாய்களுக்கு இப்படிச் செய்யும். கெட்டமின் கலந்த மயக்க ஊசி தெளியும் நேரத்திலும் தலையை ஆட்டிக்கொண்டு ஊளையிடுவது உண்டு. செவலைக்குப் போட்டது புப்ரினார்ஃபின். நாய்களுக்கு அதன் வேகம் ஏறக்குறைய 6 முதல் 8 மணி நேரம். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தப் பெயரே இல்லை. இப்படி ஆகலாம் என்று அனுப்பும்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிரித்துப் பார்ப்பது டாக்டர்களுக்கே சுலபம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தால் காயத்தைச் சுற்றித் தொட்டுப் பார்ப்பார்கள், சந்தேகம் இருந்தால் முதலில் வலிக்கே இன்னொரு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். மருந்துதான் காரணம் என்று தெரிந்தால் லேசான மயக்கம் கொடுப்பார்கள், அல்லது ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் போடுவார்கள். நலாக்சோன் அந்த ஊசியின் வலி நிவாரணத்தையும் சேர்த்துப் பறித்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். வீட்டில் நமக்கு அதெல்லாம் கிடையாது. இருப்பது மடியும் மூலையும்தான்.

மடி, மூலை

வலியில் அழும் நாய்க்கு மடி உதவும். பழக்கமான கை, பழக்கமான வாசனை, மெதுவான பேச்சு எல்லாம் அதற்குப் போய்ச் சேரும். கூடவே டாக்டரிடம் சொல்லி வலி மருந்தைச் சரிசெய்ய வேண்டும். தட்டிக்கொடுப்பதால் வலி போகாது.

மருந்துக் குழப்பத்தில் இருக்கும் நாய்க்கு அதே மடி சுமை. நம் கை, அம்மாவின் குரல், ட்யூப்லைட், எல்லாமே அதன் தலைக்குள் இன்னும் ஒரு சத்தம். டாக்டர் சொன்னபடி டிவியையும் விளக்கையும் அணைத்தேன், வாசல் ஜன்னலைச் சாத்தினேன். கட்டிலை ஒட்டிய மூலையில் இரண்டு ஜமுக்காளம் மடித்துப் போட்டு, சுவர்ப் பக்கம் தலையணை வைத்து, அவளை இறக்கி விட்டேன். ஒரு கை தூரத்தில் பேசாமல் உட்கார்ந்தேன். எழுந்து விழப் போனால் மட்டும் இடுப்பைப் பிடித்தேன். முழுதாக அடங்க இரண்டு மணி நேரம் ஆனது. ஆனால் மடியை விட்டு இறக்கிய கால் மணி நேரத்தில் துள்ளல் குறைந்தது. ஒரு மணிக்குமேல் தானாகவே தவழ்ந்து வந்து என் முட்டியில் மூக்கை வைத்தாள். மடிக்கு நேரம் அப்போதுதான் வந்தது.

அதனால் என் கட்சி இது: கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பினால் மடி, திரும்பாவிட்டால் மூலை. மூலை என்றால் தனியாக விடுவது இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, நடுக்கம். அதை வலி என்று நினைத்துவிடுவோம். மயக்க மருந்துக்குப் பிறகு உடம்பு சூடு இறங்கிவிடும், பெங்களூரு டிசம்பர் ராத்திரி வேறு. ஒரு போர்வை போதும். வெந்நீர்ப் பையை உடம்போடு ஒட்டி வைக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு நகரத் தெரியாது, தோல் வெந்துவிடும்.

கோன், பனியன்

காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கோன்தான் நம்பகமானது, சந்தேகமே இல்லை. கண்ணிலோ காலிலோ காயம் என்றால் வேறு பேச்சே கிடையாது. ஆனால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத நாய்க்கு அது சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும், பயம் கூடும். வயிற்றுத் தையலுக்குத் தம்பியின் பழைய பனியனை மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டேன். முதல் இரவுக்கு அது போதும், ஏனென்றால் நான் கண் மூடவில்லை. மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பியதும் கோன். தையல் பிரிக்கும்வரை, 10 முதல் 14 நாள், யாரும் பார்க்காத நேரமெல்லாம் கோன்தான்.

நிறுத்துவதா, மாற்றுவதா

மூன்றாம் நாள் இன்னொரு தொல்லை. வலிக்கு எழுதித் தந்த மெலாக்சிகாம் சிரப் கொடுத்த பிறகு இரண்டு தடவை வாந்தி, சாப்பாட்டை முகரவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா அக்கறையோடு தன் மூட்டு வலி மாத்திரையை நீட்டினார்: "இதுவும் அதே மருந்துதானே கண்ணு, மாத்திரையா குடுத்துப் பாரேன்." பெயர் அதேதான். அளவுதான் வேறு. செவலை 15 கிலோ. தொடர்ந்து கொடுக்கும்போது மெலாக்சிகாம் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம், அதாவது அவளுக்கு 1.5. அக்காவின் மாத்திரை 15 மில்லிகிராம், பத்து மடங்கு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாமாக நிறுத்தினால் வலி திரும்பும். பிடிவாதமாகத் தொடர்ந்தால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். வாந்தி வந்தால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுவதுதான் சரி. எங்கள் டாக்டர் மெலாக்சிகாமை நிறுத்திவிட்டு கேபாபென்டின் என்ற வேறு வகை வலி மருந்தை எழுதினார். தூக்கமும் தள்ளாட்டமும் வரும், ஆனால் வயிற்றுக்கு இதம். மனிதர்களுக்கான கேபாபென்டின் சிரப்பில் நாய்க்கு ஆகாத சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அதனால் கேப்ஸ்யூல்தான். டிராமடால் என்ற வலி மாத்திரை பற்றியும் கேட்டேன். மனிதர்களுக்கு வேலை செய்யும் அளவுக்கு நாயின் உடம்பு அதை மாற்றிக்கொள்வதில்லை, கசப்பில் எச்சில் மட்டும் ஒழுகும் என்றார். ஸ்டீராய்டு எதுவும் ஓடிக்கொண்டிருந்தால் மெலாக்சிகாம் கூடவே கூடாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஈறு வெளுத்துப்போவது, முகம் வீங்குவது, தார் மாதிரி கறுத்த மலம், காயத்திலிருந்து ரத்தம், எழுப்பியும் எழாமல் கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மடியும் வேண்டாம், மூலையும் வேண்டாம். ராத்திரி திறந்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே ஆட்டோ பிடியுங்கள். அந்த நம்பரை ஆபரேஷனுக்கு முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செவலைக்குப் பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். அவள் ஃபைலின் முதல் பக்கத்தில் புப்ரினார்ஃபின் என்று சிவப்பு மையில் எழுதி, தேதியையும், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு அடங்கியது என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பல் சுத்தம் செய்ய மறுபடியும் மயக்கம் கொடுக்க வேண்டும். டாக்டர் ஊசியை எடுக்கும் முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் காட்டப்போகிறேன்.