கொல்கத்தா மெட்ரோ நீலத் தடம்: நீண்ட நாள் பயணியின் அனுபவம்

தொண்ணூறுகளின் கடைசியில் வேலைக்காகக் கொல்கத்தா வந்தேன். தமிழர்கள் நிறைய இருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் வீடு. அன்றிலிருந்து காளிகாட்டில் ஏறி எஸ்பிளனேடில் இறங்குவதுதான் ஆபீஸ் வழி. என்னைக் கேட்டால் இந்த ஊரின் ஆகச்சிறந்த சொத்து இந்த நீலத் தட மெட்ரோதான்.

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் சும்மா வந்துவிடவில்லை. 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். பெரும்பாலான இடங்களில் சாலையை மேலிருந்தே வெட்டி, பள்ளத்துக்குள் கான்கிரீட் பெட்டி கட்டி, திரும்ப மூடினார்கள். சௌரிங்கியும் சித்தரஞ்சன் அவென்யூவும் வருடக்கணக்கில் பெயர்ந்து கிடந்தன. பணமும் ஒழுங்காக வரவில்லை. 1984 அக்டோபர் 24 அன்று ஓடத் தொடங்கியது எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை வெறும் 3.4 கிலோமீட்டர். டம் டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுசாக இணைய 1995 செப்டம்பர் ஆகிவிட்டது.

ஊர் பட்ட அந்தக் கஷ்டத்தின் பலனைத்தான் தினமும் அனுபவிக்கிறோம். மேலிருந்து வெட்டியதால் ஆழம் குறைவு. தெருவில் இருந்து கொஞ்சம் படி இறங்கினால் பிளாட்பாரம். மூட்டு வலி வந்த பிறகு இதன் அருமை எனக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது. ரவீந்திர சதன் ஸ்டேஷன் சுவர்களில் தாகூரின் கையெழுத்தும், அவர் வரிகளை அடித்துத் திருத்தும்போது போட்ட கிறுக்கல் சித்திரங்களும் இருக்கின்றன. ரயில் தாமதமானால்கூட அங்கே நிற்பதில் வருத்தமில்லை.

பழைய பெட்டிகள் நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்தவை. ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. 2010இல் ஏசி ரயில் வந்தது. ஏசி இல்லாத கடைசி ரயிலை 2021 அக்டோபர் 24 அன்று, அதாவது மெட்ரோ ஓடத் தொடங்கிய அதே தேதியில், வழியனுப்பினார்கள்.

குறை என்றால் கூட்டம். 2021இல் தட்சிணேஸ்வர் வரை நீண்டதும் இன்னும் ஏறிவிட்டது. டம் டமில் புறநகர் ரயில் கூட்டமும் சேரும். காலை ஆபீஸ் நேரத்தில் பெட்டி படுக்கையோடு அங்கே ஏறாதீர்கள். கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. அடிக்கடி போகிறவர் ஸ்மார்ட் கார்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அப்புறம், 2024 மார்ச் முதல் எஸ்பிளனேடில் இன்னொரு மெட்ரோ வழியான பச்சைத் தடத்துக்கு மாறி, ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே ஹவுரா போய்விடலாம். சென்னை மெயில் பிடிக்க டாக்சியில் ஹவுரா பாலத்து நெரிசலில் தவிக்க வேண்டியதில்லை.